வாழ்க்கையில ஒரே ஒரு ஜாய்ஸ்டிக்

ஓசூர்ல படிக்கிற நமக்கு ராணுவ லாரி புதுசு இல்ல. இங்கே தொழிற்சாலை வச்சிருக்கிற அசோக் லேலண்டோட ஸ்டாலியன் லாரிதான் ராணுவத்துல ஓடுது. வண்டியை எப்படி டெஸ்ட் பண்றாங்கன்னு நம்ம மெக்கானிக்கல் பசங்க மணிக்கணக்கா சொல்லுவாங்க. ஓட்டுற ஆளை எப்படி டெஸ்ட் பண்றாங்கன்னு யோசிச்சிருக்கீங்களா?

1915-லேயே மோடெ, பியோர்கோவ்ஸ்கின்னு ரெண்டு உளவியலாளர்கள் ஜெர்மன் ராணுவ ஓட்டுநர்களுக்கு இந்த மாதிரி சோதனை வச்சாங்க. நம்ம நாட்டுல இதோட கடுமையான வடிவம் விமானப்படையில இருக்கு. பேரு சி.பி.எஸ்.எஸ். கையில ஜாய்ஸ்டிக், காலுக்குப் பெடல். திரையில ஒரு புள்ளியைக் கட்டுக்குள்ள வைக்கணும். அதே நேரத்துல விளக்கு எரிஞ்சாலும் சத்தம் வந்தாலும் உடனே கவனிக்கணும். இதுல தவறினா மறுபடி பைலட் ஆக வாய்ப்பே கிடையாது.

எனக்கு இந்த டெஸ்ட் பிடிச்சிருந்தது. பிளேஸ்மென்ட் குரூப் டிஸ்கஷன்ல என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியம் ஆளுங்க வாயாலேயே ஜெயிச்சிடுவோம். ஜாய்ஸ்டிக் அதையெல்லாம் கேக்காது.

ஆனா போன வருஷம் என் நண்பன் மைசூருக்குப் போயிட்டு வந்தான். லாரி டிரைவர் பையன். இன்டர்வியூ வரைக்கும் தாண்டிட்டான், ஜாய்ஸ்டிக்கை அன்னைக்குத்தான் முதல்முறையா தொட்டான். அவன்கூட வந்த ஒருத்தன் பெங்களூர்ல பணம் கட்டி, அதே மாதிரி மெஷின்ல மூணு வாரம் பழகிட்டு வந்திருக்கான். யாருக்கு என்ன ஆச்சுன்னு நான் சொல்லணுமா?

ஒரே வாய்ப்புங்கிற விதிக்குக் காரணம் இருக்கு. பழகப் பழக இந்த மதிப்பெண் ஏறும். ரெண்டாவது முறை வந்தா திறமையை அளக்கிறோமா, பழக்கத்தை அளக்கிறோமான்னு தெரியாது. சரிதான். ஆனா பழக்கம் இப்போ முதல் முறைக்கு முன்னாடியே கடையில கிடைக்குதே!

ரயில்வேயைப் பாருங்க. உதவி லோகோ பைலட் ஆகணும்னா சைக்கோ டெஸ்ட்ல ஒவ்வொரு பகுதியிலும் டி-ஸ்கோர் 42 வேணும், யாருக்கும் சலுகை இல்ல. ஆனா மாதிரிக் கேள்விகளை ஆர்.டி.எஸ்.ஓ. இணையதளத்துல எல்லாருக்கும் இலவசமா போட்டிருக்காங்க. விமானப்படையும் மாவட்டத்துக்கு ஒரு என்.சி.சி. அலுவலகத்துலயாவது ஒரு மெஷின் வைக்கலாம். எல்லாரும் பழகிட்டா டெஸ்ட் கெட்டுப்போகும்னு சீனியர் ஒருத்தர் சொன்னார். எனக்கு அப்படித் தோணல. கொஞ்ச நாள்ல எல்லாரோட ஏற்றமும் ஒரு இடத்துல நின்னுடும். அதுக்கு மேல தெரியுற வித்தியாசம்தான் நிஜத் திறமை.

நண்பன் இப்போ கிரவுண்ட் டியூட்டிக்கு அப்ளை பண்ணியிருக்கான். அதுக்கு ஜாய்ஸ்டிக் வேண்டாமாம்.