தோள் எலும்பு முறிஞ்சா கத்திதானா?

ரெண்டு வருஷம் முன்னாடி அம்மா (அப்போ வயசு 71) கொல்லையில் துணி காயப்போடப் போய் பாசியில் வழுக்கி விழுந்தாங்க. எக்ஸ்ரேயில் மேல்கை எலும்பு தோள்மூட்டுக்குச் சற்றுக் கீழே உடைஞ்சு, விலகியும் இருந்தது. முதலில் போன ஆஸ்பத்திரியில், "நாளைக் காலைல பிளேட் வெச்சுடலாம்" என்றார் டாக்டர். வெக்கலைன்னா? "கை வராது சார்." அவ்வளவுதான் பதில். இந்தப் பக்கம் பெரியம்மா புத்தூர் கட்டுக்குப் போக வண்டி பேச ஆரம்பிச்சுட்டாங்க!

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து தேடினதில் கிடைச்சது 'ப்ராஃபர்' என்கிற பிரிட்டிஷ் ஆய்வு, 2015-ல் வெளிவந்தது. இதே மாதிரி எலும்பு விலகின 250 பேர். யாருக்கு ஆபரேஷன், யாருக்கு வெறும் தூளிக்கட்டு என்பதைக் குலுக்கல் மாதிரி முடிவு பண்ணியிருக்காங்க. ரெண்டு தரப்புக்கும் பிசியோதெரபி உண்டு. ரெண்டு வருஷம் கழிச்சு வலியிலும் சரி, கை வேலை செய்றதிலும் சரி, சொல்லிக்கற மாதிரி வித்தியாசமே இல்லை. மூட்டே கழண்டவங்க, எலும்பு தோலைக் கிழிச்சவங்க இந்த ஆய்விலேயே கிடையாது, அவங்க கதை வேற. வயசானவங்க எலும்பு உள்ளே பஞ்சு மாதிரி இருக்கறதால ஸ்க்ரூவுக்குப் பிடிமானம் குறைவு, மூட்டுக்குள்ளேயே குத்திக்கவும் செய்யும்.

ஆபரேஷனே கூடாதுன்னு நான் சொல்ல வரலை. 2020-ல் வந்த நார்வே ஆய்வில், மோசமா நொறுங்கின 65 வயசு தாண்டினவங்களுக்கு, பந்தையும் கிண்ணத்தையும் இடம் மாத்தி வைக்கிற செயற்கை மூட்டு பிளேட்டை விட நல்லா வேலை செஞ்சிருக்கு. என் கோபமெல்லாம், வேற வழியும் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லாம கையெழுத்துக்கு ஃபாரத்தை நீட்டினதுதான்.

வேற டாக்டரைப் பார்த்தோம். மூணு வாரம் தூளி. அப்புறம் தினமும் குனிஞ்சு கையை ஊஞ்சல் மாதிரி ஆட்டறது, விரலால சுவர் ஏறறது. அம்மா ஒரு மாசம் சாய்வு நாற்காலியில்தான் தூங்கினாங்க, வலியில் என்னைத் திட்டாத நாள் இல்லை. இப்போ சமைக்கறாங்க, ஜடை பின்னிக்கறாங்க. மேல் ஷெல்ஃப் மட்டும் எட்டாது.

"நின்ன இடத்துல விழுந்ததுக்கே எலும்பு ஏன் உடைஞ்சுது?"ன்னு கேட்டதும் இந்த டாக்டர்தான். டெக்ஸா ஸ்கேன் எடுத்தா எலும்புத் தேய்மானம்! அதுக்கு மருந்து ஓடுது. கொல்லைப் பாசியைத் தேய்க்கிற வேலை இப்போ என்னுது.