மரத்துக்குப் பணம் உண்டு, புல்லுக்கு?

திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தைக் கடந்து வடக்கே ஓடும் குடகனாறு, வேடசந்தூரைத் தாண்டி அமராவதியில் கலக்கிறது. அணைக்கு மேலே எழும் பழனி மலைத்தொடரின் உச்சிகளில் சோலையும் புல்வெளியும். ஆறு இறங்கிப்போகும் சமவெளியில் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலம். இரண்டும் புல்தான். இரண்டுக்கும் நேர்ந்ததும் ஏறக்குறைய ஒன்றே. புல் இருந்த இடத்தைச் சும்மா கிடக்கிற இடம் என்று நினைத்தவர்கள், அங்கே வேறெதையாவது கொண்டுவந்து வைத்தார்கள்.

மலையில் வைத்தது மரம். தோல் பதனிடப் பட்டையும் ஆலைக்குக் கூழும் வேண்டுமென்று சீகையும் பைனும் தைலமரமும் நடப்பட்டன. 1973-க்கும் 2014-க்கும் இடையே பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாக, செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஆய்வு சொன்னது. விவசாயத்துக்குப் போனதும் அதில் அடக்கம். ஆனால் பெரும்பகுதி யாரும் திருடியதல்ல. திட்டம் போட்டு, கணக்கெழுதி, பொதுப்பணத்தில் நடந்த வேலை.

சமவெளியின் கதை இன்னும் நுட்பமானது. காங்கேயம், தாராபுரம் தொடங்கி ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் வரை பரவிய கொரங்காடு, மனிதர் உருவாக்கிய புல்வெளி. கொழுக்கட்டைப்புல், ஊடே பயறினச் செடிகள், நிழலுக்கு வெள்வேல், சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே நுழைய ஒரு படல். மழை பொய்த்தாலும் கொழுக்கட்டைப்புல்லின் தூர் சாகாது. ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். சித்திரை வெயிலில் புல் காய்ந்த பிறகு வெள்வேல நெற்று உதிரத் தொடங்கும். ஆடுகள் மரத்தடியை விட்டு நகராமல் பொறுக்கித் தின்னும். ஒரு காட்டில் மேய்த்துவிட்டு அடுத்ததற்கு ஓட்டிப்போய், முதல் காடு தேறிய பிறகே திரும்புவார்கள். காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் இந்தப் புல்லில் உருவான இனங்கள். இந்த நிலம்தான் இப்போது நூற்பாலைக்கும் சூரியமின் நிறுவனத்துக்கும் விலைபோகிறது.

வேடசந்தூர், கடவூர் பக்கத்துக் கம்பளத்து நாயக்கர்கள் கொண்டாடும் மாலை தாண்டும் விழாவில் ஓடுவது சாமி மாடுகள். அவை வருடம் முழுக்க மேய்ந்தாக வேண்டும். 2017-ல் ஜல்லிக்கட்டுக் காளைக்காகத் தமிழ்நாடே திரண்டது, சட்டத்திருத்தம் வந்தது, 2023-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அந்தக் காளை எங்கே மேயும் என்பதைப் பற்றி அத்தனை பேச்சிலும் ஒரு பேச்சு இல்லை.

இயற்கையையும் மரபையும் காக்க மக்களிடமே பணம் கொடுப்பது புதிய யோசனையல்ல. உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறுமானியத் திட்டம் 1992-லிருந்து நடக்கிறது. ஒரு பணிக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பும் உண்டு. நம்மிடம் 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் இருக்கிறது. அதன் 41-வது பிரிவு ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. 43-வது பிரிவு உள்ளூர் நிதி ஒன்றையே ஏற்படுத்துகிறது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31 என்று கெடு வைத்து அபராதத்தையும் காட்டியதும் குழுக்களும் பல்லுயிர்ப் பதிவேடுகளும் மளமளவென்று முளைத்தன. குழு வந்த வேகத்தில் நிதி வரவில்லை.

இந்தச் சட்டத்தால் திண்டுக்கல் மாவட்டம் அடைந்த நன்மையையும் சொல்ல வேண்டும். நத்தம் அருகே காசம்பட்டி வீரகோவில் காடு, 4.97 ஹெக்டேர், 2025 மார்ச்சில் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அரிட்டாபட்டிக்குப் பிறகு மாநிலத்தில் இரண்டாவது. மகிழ்ச்சிதான். ஆனால் கோயில்காட்டுக்குச் சாமி காவல். மரம் இருப்பதால் அதிகாரியின் கண்ணுக்கும் அது காடாகத் தெரிகிறது. ‘மேய்க்கால் புறம்போக்கு’, ‘மந்தைவெளி’ என்று பதிவான ஊர் மேய்ச்சல் நிலத்துக்கு அந்த யோகம் இல்லை. புது அலுவலகம் கட்டவோ வீட்டுமனைக்கோ இடம் வேண்டுமென்றால் முதலில் பார்வை விழுவது அதன் மேல்தான். பொதுநிலங்களை மீட்கச் சொல்லி 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பையும் மீறி இதுதான் நடப்பு.

மரத்துக்குக் கிடைக்கும் பணம் புல்லுக்குக் கிடைக்காததற்குக் காரணம் எளிது. கன்று நட்டால் எண்ணிக் காட்டலாம், விழா எடுக்கலாம். புல்வெளியைக் காப்பது என்பது பெரும்பாலும் ஒன்றைச் செய்யாமல் இருப்பது: உழாமல், விற்காமல், குழி தோண்டாமல். செய்யாததற்கு எந்தத் தணிக்கையாளர் ரசீது ஏற்பார்? 33 சதவீதப் பசுமைப் போர்வையை இலக்காக வைத்திருக்கும் மாநிலத்தில் கொரங்காட்டின் கொழுக்கட்டைப்புல் எந்தக் கணக்கிலும் சேராது. மேய்ப்பவர் நிலை இன்னும் மோசம். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் எல்லாக் காடுகளிலும், பிறகு திருத்தி சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்களில் மேய்ச்சலைத் தடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் தேவாங்கு சரணாலயமானது. தேவாங்கு பிழைக்க வேண்டியதில் சந்தேகமில்லை. வெளியே நிறுத்தப்படும் ஆட்டுக்கு ஊர் மந்தையாவது மிஞ்ச வேண்டாமா?

புல்லுக்குப் பணம் கொடுக்க அயர்லாந்தின் பர்ரன் பகுதியில் ஒரு வழி கண்டார்கள். சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே புல்லும் அரிய பூச்செடிகளும் வளரும் மேட்டு நிலம். குளிர்காலத்தில் மாட்டை மேலே ஏற்றி மேய்ப்பது அவர்கள் மரபு. மேய்ச்சல் குறைந்த இடத்தில் புதர் மண்டியது. அதனால் மேய்ச்சலை விலக்காமல், ஒவ்வொரு வயலின் புல்வெளிக்கும் பத்துக்கு மதிப்பெண் போட்டு, மதிப்பெண் கூடினால் பணம் கூடும் என்று வைத்தார்கள். என்ன செய்வது என்பது விவசாயியின் முடிவு. 2005-ல் முன்னோட்டமாகத் தொடங்கிய இதற்கு ஐரோப்பிய ஒன்றியமும் அந்நாட்டு அரசும் பணம் தந்தன.

கொரங்காட்டுக்கு இப்படி மதிப்பெண் போடுவது கடினமல்ல. கொழுக்கட்டைப்புல் எவ்வளவு மூடியிருக்கிறது, கிளுவை வேலி இடைவெளியின்றி உயிரோடு இருக்கிறதா, வெள்வேல் ஏக்கருக்கு எத்தனை நிற்கிறது என்பதை ஆடு மேய்ப்பவர் ஒருவரே நடந்து பார்த்துச் சொல்லிவிடுவார். சிக்கல் வேறிடத்தில். கொரங்காடு பட்டா நிலம். மேய்ப்பவர் பலர் குத்தகைக்காரர்கள். மானியம் முழுவதும் பட்டாதாரருக்குப் போனால் குத்தகை குறையாது, ஏறினாலும் ஏறும். நூற்பாலைக்கோ சூரியமின் நிறுவனத்துக்கோ விற்றால் கிடைக்கும் தொகைக்கு முன்னால் எந்த மானியமும் நிற்காது என்பதும் உண்மை. ஆகவே, விற்கவா வேண்டாமா என்று யோசிக்கும் குடும்பத்தைச் சில ஆண்டுகள் தாங்கிப் பிடிப்பதே இதன் எல்லை. ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும், பட்டாதாரருக்கு ஒரு பங்கு, மேய்ப்பவருக்கு ஒரு பங்கு.

ஊர் மந்தைக்குத் தனிக் கணக்கு வேண்டும். அங்கே சீமைக்கருவேலத்தை வெட்டுவதோடு பணம் தீர்ந்துபோகிறது. அடிக்கட்டை மறுபடி தழையும்; ஆடுமாடு தின்ற காயின் விதை சாணத்தோடு விழுந்து முளைக்கும். வேரோடு எடுத்து, புல்விதை தூவி, புல் தூர்கட்டும்வரை மேய்ச்சலை நிறுத்தி, அந்தக் காலத்துக்கு மேய்ப்பவருக்குத் தீவனச் செலவு கொடுப்பதுவரை சேர்த்தால்தான் அது திட்டம். மேய்ச்சல் புறம்போக்கின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் 1994 ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சிக்கு உண்டு.

2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் சமூகங்களுக்குமான ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. ஆத்தூர், வேடசந்தூர் ஒன்றியங்களின் கிராம சபைகள் இதற்குச் செய்யக்கூடிய முதல் வேலைக்குச் செலவே இல்லை. ஊரின் மேய்க்கால் புறம்போக்கு சர்வே எண்களைச் சபையில் உரக்கப் படித்து, ஒவ்வொன்றிலும் இன்று என்ன நிற்கிறது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். மானியம் கேட்பது அதற்குப் பிறகு.