யானையும் தீனியும்

மூட்டையாக வாங்கினால் அரிசி சகாயம் என்பதை நம் இல்லத்தரசிகள் அறிவார்கள். யுத்த தளவாடத்திற்கும் அதுவே விதி. 2019ல் அமெரிக்க ராணுவ இலாகா 478 எப்-35 விமானங்களை, சுமார் 3,400 கோடி டாலருக்கு, ஒரே மூச்சில் பேரம் பேசி முடித்தது. முந்திய ஆண்டு ஒப்பந்தத்தில் 8.9 கோடி டாலராயிருந்த 'ஏ' ரக விமானத்தின் விலை 8 கோடிக்கும் கீழே இறங்கிற்று. கெட்டிக்காரத்தனந்தான்!

ஆனால், யானையைச் சகாயமாக வாங்கினால் போதுமா? தீனிக்கு என்ன வழி? அந்நாட்டின் எப்-35 படை முழுவதையும் ஆயுள் பரியந்தம் பராமரிக்கும் செலவு மதிப்பீடு, 2018ல் 1.1 லட்சம் கோடி டாலர், 2023லோ 1.58 லட்சம் கோடி! 2024ல் அவர்களுடைய தணிக்கை இலாகாவே இதை வெளியிட்டது.

பழுது பார்க்கும் செலவையும், உதிரிப் பாகங்களின் விலையையும் தள்ளுபடியோடு சேர்த்தே பேசிவிட வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். கையெழுத்திடும் வரையில்தான் வாங்குகிறவன் எஜமான். அப்புறம் விற்றவன் எஜமான்.