விளம்பர வாயிலும் நமது விழிப்பும்

ஆரோவில்லுக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மரக்காணம் செல்வோர், பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கும் உப்பளங்களைக் கண்டிருப்பர். உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி கடத்தி, வெயிலில் வற்றவிட்டு, போமே அளவில் ஏறத்தாழ 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்பு விளையத் தொடங்கும். அந்த அளவை அறியாதவர் உப்பளத்தில் நிலைக்கமாட்டார். கழியிலிருந்து நீர் பெறும் அளங்களில் இன்னொரு கவலையும் உண்டு. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு நீர்வரத்துக் குறைந்தால், பாத்தியில் எத்துணை உழைத்தும் பயனில்லை. ஆகவே பாத்தியைப் பார்க்கும் கண் முகத்துவாரத்தையும் பார்க்கவேண்டியிருக்கிறது. கடலைக் கேட்டுக்கொண்டு மணல் ஒதுங்குவதில்லை. உழைப்பாளிதான் அதனைக் கேட்டறிந்து நடக்கவேண்டும்.

நமது நெசவாளர் சங்கங்களுக்கும் விளைவிப்போர் சங்கங்களுக்கும் இன்று இத்தகைய முகத்துவாரம் ஒன்று ஏற்பட்டுள்ளது. அதுவே இணைய விளம்பரம். அதன் போக்கை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் ஆரோவில் தொடங்கப்பெற்ற காலந்தொட்டு, இக்கடற்கரைக்கு வெளிமாநிலத்தாரும் வெளிநாட்டினரும் வந்தவண்ணம் இருக்கின்றனர். வருபவர் ஒரு கைத்தறித் துண்டையோ, ஒரு பொட்டலம் முந்திரிப் பருப்பையோ வாங்கிச் செல்கிறார். ஊர் திரும்பி ஆறு திங்கள் கழித்து அதே பொருள் மீண்டும் வேண்டுமென்று எண்ணும்போது, அவர் கைப்பேசியில் தேடுகிறார். அந்நேரத்தில் நமது சங்கத்தின் பெயர் அவர் கண்ணிற்பட்டால் விற்பனை நமக்கு. படாவிடில் விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று கூறி விற்பவருக்கு. இதனை உணர்ந்து சில சங்கங்கள் இணைய விளம்பரத்தில் இறங்கியிருப்பது பாராட்டத்தக்கது. ஆனால் இறங்கியபின் கவனியாது விடுவது, இறங்காமலிருப்பதினும் தீங்காக முடியக்கூடும்.

நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில் நேர்ந்ததைக் கூறுவோம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இணைய வழி ஆணைகள் திடீரெனக் குறைந்தன. நிர்வாகக் குழு கூடி ஆராய்ந்தது. வண்ணம் பிடிக்கவில்லை என்றார் ஒருவர். விலை அதிகம் என்றார் மற்றொருவர். விசைத்தறிப் போட்டி என்றனர் பலர். இருப்புத் தேங்கிவிடுமோ என்ற அச்சத்தால் அங்கத்தினர்களுக்கு வழங்கும் நூலின் அளவு குறைக்கப்பட்டது. பண்டிகைக்குமுன் கூலி பெறவேண்டிய வீடுகளில் தறிகள் ஓய்ந்தன. பின்னர் விளம்பரக் கணக்கை வரவழைத்துப் பார்த்தபோது, மூன்று வாரங்களாகச் சங்கத்தின் விளம்பரம் ஒன்றுகூட வெளிவரவில்லை என்பது தெரிந்தது. விளம்பர நிறுவனம் தனது இணைப்பு முறையை மாற்றியிருந்தது. அதனை முன்கூட்டியே பல மடல்களில் அறிவித்தும் இருந்தது. அம்மடல்கள் யாவும், முன்னர் ஒப்பந்தத்தில் பணியாற்றி விலகிய ஓர் இளைஞரின் சொந்த மின்னஞ்சலுக்குச் சென்றுகொண்டிருந்தன! வண்ணத்திலும் குறையில்லை, விலையிலும் குறையில்லை. படிக்கப்படாத கடிதத்தின் விலையை நெசவாளர் தம் கூலியில் செலுத்தினர்.

இம்மாற்றம் எத்தகையது என்பதை அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம். முன்னாளில் விளம்பர வாசகத்தை எழுதிப் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பிக் கட்டணம் செலுத்தினால் அச்சாகி வந்துவிடும். இணையத்திலோ ஒருவர் தேடுகின்ற கணத்திலேயே விளம்பர இடம் ஏலம் விடப்படுகிறது. எவருடைய விளம்பரம் தோன்றுவது என்பதைக் கணிப்பொறி முடிவு செய்கிறது. பார்ப்பவர் அதனைத் தொட்டால், பெரும்பாலும் அதற்கே கட்டணம். ஐந்தாறு சரக்குகளே இருப்பின் சங்க ஊழியர் கையாலேயே பதிந்துவிடலாம். பல நூறு இனங்கள் இருந்து, நாள்தோறும் இருப்பும் விலையும் மாறுமாயின் அது இயலாது. ஆகவே சங்கத்தின் கணிப்பொறி, விளம்பர நிறுவனத்தின் கணிப்பொறியோடு நேரே தொடர்புகொண்டு, சரக்கு, விலை, செலவு வரம்பு ஆகியவற்றைத் தெரிவித்து, வரவு செலவுக் கணக்கையும் திரும்பப் பெறுகிறது. இதற்கென நிறுவனம் அமைத்துள்ள வாயிலையே தொழிலறிந்தோர் ஏ.பி.ஐ. என்கின்றனர்.

இவ்வாயில் அரசு அலுவலகப் படிவத்தைப் போன்றது. இன்ன விவரத்தை இன்ன பெயரில், இன்ன வடிவில் எழுதவேண்டும் என்று அதில் விதி உண்டு. படிவம் மாறியபின் பழைய படிவத்தில் விண்ணப்பித்தால் அலுவலகம் திருப்பியனுப்பும். கணிப்பொறியும் அவ்வாறே திருப்பிவிடும். திருப்பியதைப் பார்க்க ஆளில்லையேல் விளம்பரம் ஓசையின்றி நின்றுபோகும்.

படிவம் எத்தனைமுறை மாறும் என்று கேட்கலாம். கூகுள் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரில் விளம்பரப் பணியைத் தொடங்கிற்று. 2005-இல் அதற்கு ஏ.பி.ஐ. வாயிலை அமைத்தது. 2018-இல் பெயரைக் கூகுள் ஆட்ஸ் என மாற்றிற்று. 2022 ஏப்ரல் 27-ஆம் நாள் பழைய வாயிலை அடியோடு மூடிவிட்டது. புதிய வாயிலில் கணக்குக் கேட்கும் மொழியே வேறு. அப்புதிய வாயிலும் நிலையாக நிற்பதன்று. ஆண்டுக்குப் பலமுறை புதிய பதிப்பு வெளிவருகிறது, ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் ஏறத்தாழ ஓராண்டே. சரக்குப் பட்டியலை அனுப்பும் வாயிலுக்கும் இதே கதைதான். பழைய சரக்குப் பட்டியல் வாயில் 2026 ஆகஸ்டு 18 உடன் மூடப்படும் என்று அந்நிறுவனம் 2025-இல் நாள் குறித்து அறிவித்தது.

இந்த இறுதி மாற்றத்தில் நமக்கு ஒரு பாடம் உண்டு. பழைய பட்டியலில் 2,000 ரூபாய்ச் சேலைக்கு 2000 என்றே விலை எழுதலாம். புதிய முறையிலோ ரூபாயைப் பத்து லட்சம் கூறாக்கி, அந்நுண்கூறுகளின் எண்ணிக்கையை எழுதவேண்டும். அதாவது அதே சேலைக்கு 200 கோடி என்று எழுதவேண்டும்! விளம்பரத்தின் செலவு வரம்பையும் கூகுள் இந்த நுண்கூற்றிலேயே கேட்கிறது. பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனமோ செலவு வரம்பைப் பைசாவில் கேட்கிறது. ஒருவருடைய முறையை மற்றவருடைய வாயிலில் எழுதினால் விளம்பரம் நின்றுபோகலாம். அல்லது எண்ணாத செலவு வந்து சேரலாம். செலவாவது சங்கத்தின் பணம்.

அளவு மாறுவது நமக்குப் புதிதன்று. 1957 ஏப்ரல் 1-ஆம் நாள் ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்கு நீங்கி, 100 நயா பைசா என்ற கணக்கு வந்தது. 1958 முதல் படிப்படியாகச் சேரும் வீசையும் போய்க் கிலோகிராம் வந்தது. அண்மையில், 2017 ஜூலை 1 முதல் சரக்கு சேவை வரி வந்தது. இவற்றையெல்லாம் நமது சங்கங்கள் ஏற்றுக்கொண்டன. ஏனெனில் அரசாங்க உத்தரவு வந்தது, சுற்றறிக்கை வந்தது, அது தபால் வரவுப் பதிவேட்டில் ஏறிற்று, நிர்வாகக் குழுவின் முன் வைக்கப்பட்டது. இன்றைய மாற்றமோ சுற்றறிக்கையாக வருவதில்லை. ஒரு நிறுவனத்தின் மடலாக, அயல்மொழியில், எவரோ ஒருவரின் மின்னஞ்சலில் வந்து விழுகிறது. சுற்றறிக்கைக்கு அளிக்கும் மதிப்பை அம்மடலுக்கும் அளிக்கவேண்டும் என்பதே நமது கருத்து.

“இது கணிப்பொறி வல்லுநரின் வேலை, நிர்வாகக் குழுவுக்கு இதில் என்ன?” என்று சிலர் கேட்கின்றனர். மாறுவது வாயிலின் அமைப்பு மட்டுமன்று. 2022 ஜூன் 30 முதல் கூகுள் தேடல் விளம்பரங்களில், வாசகத்தை வரிசைப்படுத்தி நாமே எழுதும் பழைய வகையைப் புதிதாக அமைக்கவோ திருத்தவோ இயலாமற் போயிற்று. அதற்குப் பதிலாக 15 தலைப்புகள் வரையிலும், 4 விளக்கங்கள் வரையிலும் கொடுத்துவிட்டால், எதனை எதனோடு சேர்த்துக் காட்டுவது என்பதைக் கணிப்பொறியே தேர்ந்துகொள்கிறது. ‘கைத்தறி’ என்ற சொல் ஒரு தலைப்பிலும், பருத்தியா பட்டா என்பது வேறொரு தலைப்பிலும் இருந்தால், வாங்குபவர் கண்ணுக்கு எது தோன்றும் என்பதை முன்கூட்டிச் சொல்லவியலாது. தனித்து நின்றாலும் ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்கும்படி எழுதவேண்டும். சங்கத்தின் நாணயம் பற்றிய இக்காரியத்தை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடலாகாது.

“அயல்நாட்டு நிறுவனம் ஆட்டுகிறபடியெல்லாம் நாம் ஏன் ஆடவேண்டும்? இவ்விளம்பரமே வேண்டாம்” என்போரும் உளர். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. விதியை எழுதுவதும் அவரே, மாற்றுவதும் அவரே என்ற நிலை கூட்டுறவாளருக்கு உவப்பானதன்று. எனினும் வாங்குபவர் அங்கே இருக்கும்வரை நாமும் அங்கே நின்றாகவேண்டும். ஆனால் அதனை மட்டுமே நம்பி நிற்றல் ஆகாது. ஒருமுறை வாங்கியவரின் பெயரையும் முகவரியையும் அவரது இசைவுடன் சங்கமே பதிவேட்டில் வைத்துக்கொண்டால், வாயில் மூடிய நாளிலும் அவருக்கு நேரே கடிதம் எழுதலாம். 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் போன்ற தலைமைச் சங்கத்தின் விற்பனை நிலையங்களையும், சாலையோரக் காட்சிச்சாலைகளையும் கைவிடலாகாது.

இனிச் செய்யவேண்டியவற்றைச் சுருங்கக் கூறுவோம். முதலாவது, விளம்பரக் கணக்கும் அதன் கடவுச்சொல்லும் சங்கத்தின் பெயரிலேயே இருத்தல் வேண்டும். அறிவிப்பு மடல்கள் சங்கத்தின் பொது மின்னஞ்சலுக்கு வரவேண்டும். செயலாளர் மாறும்போது, இரும்புப் பெட்டிச் சாவியை ஒப்படைப்பதுபோல் அதனையும் கையொப்பம் பெற்று ஒப்படைக்கவேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு மாற்ற அறிவிப்பையும் தபால் வரவுப் பதிவேட்டில் ஏற்றி, பழைய பதிப்பு முடியும் நாளைச் சிவப்பு மையால் குறித்து, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் படிக்கவேண்டும். மூன்றாவது, ஒப்பந்தக்காரருடன் எழுதும் உடன்படிக்கையில், பதிப்பு மாறும்போது இணைப்பையும் மாற்றித் தருவது அவர் கடமை எனத் தெளிவாக எழுதவேண்டும். நான்காவது, மாற்றம் செய்தபின் ஒரே ஒரு சரக்கை மட்டும் அனுப்பி, விலையும் செலவு வரம்பும் ரூபாயில் சரியாக வருகின்றனவா என்று செயலாளர் தம் கண்ணாலேயே பார்க்கவேண்டும். ஐந்தாவது, வாரம் ஒருமுறை, விளம்பரம் வெளிவருகிறதா என்பதை எவரேனும் ஒருவர் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதவேண்டும்.

இவற்றுக்கு ஆள் எங்கே என்ற கேள்வி எழும். ஒரு சிறிய சங்கம் தனக்கென ஒரு வல்லுநரை அமர்த்துவது இயலாது. ஆனால் ஐந்தாறு சங்கங்கள் கூடினால் இயலும். நெசவாளர் சங்கம், முந்திரி விளைவிப்போர் சங்கம், உப்பளத் தொழிலாளர் சங்கம் ஆகியவற்றின் சரக்கு வேறு, வாயில் ஒன்றே. ஒருவர் ஒருமுறை படித்து அறிந்த மாற்றம் ஆறு சங்கங்களுக்கும் பயன்படும். சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கே ஒவ்வொன்றுக்கும் விழும். கூட்டுறவுகளுக்கிடையே கூட்டுறவு என்பதை 1995-இல் அகில உலகக் கூட்டுறவு ஒன்றியம் வகுத்த ஏழு கொள்கைகளுள் ஒன்றாக நாம் படித்திருக்கிறோம். அதனைச் செயலிற் காட்ட இதனினும் எளிய வாய்ப்பு வாராது.

குறையைச் சங்கங்களின்மீது மட்டும் சுமத்தி நாம் ஒதுங்கிக்கொள்வது முறையன்று. அச்சங்கத்தில் நாம் அதற்கு முந்தைய ஆய்வை நடத்தியபோது ரொக்க இருப்பைச் சரிபார்த்தோம். நூல் இருப்பை எடை போட்டோம். தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினோம். விளம்பரக் கணக்கு எவர் பெயரில் இருக்கிறது என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருப்பின் அந்தத் தீபாவளி வேறுவிதமாகக் கழிந்திருக்கக்கூடும். இனி அக்கேள்வியைக் கேளாமல் எந்த ஆய்வையும் முடிப்பதில்லை என்று நாம் தீர்மானித்துள்ளோம். அங்கத்தினர்களும் தத்தம் சங்கப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று இதே கேள்வியைக் கேட்பார்களாக!