தொடக்கப் பள்ளியில் உடற்கல்வி: கள்ளக்குறிச்சி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்



பொருள்: சமவெளியிலும் கல்வராயன் மலையிலும் உள்ள தொடக்கப் பள்ளிகளுக்கு உடற்கல்விப் பாடம் திட்டமிடுதல்.

ஆறு வயதிலிருந்து பத்து வயதுக்குள் ஒரு குழந்தை ஓட, தாவ, நொண்ட, எறிய, பிடிக்க, உதைக்க, நிலைதடுமாறாமல் நிற்கப் பழகுவதே தொடக்கப் பள்ளி உடற்கல்வி. இவற்றில் ஓட்டமும் தாவலும் வளர்கிற வயதில் ஓரளவு தாமாகவே வந்துவிடும். எறிவதும் பிடிப்பதும் அப்படி வருவதில்லை. யாராவது சொல்லிக்கொடுத்து, பலமுறை செய்யவைத்தால்தான் கைவரும். ஐந்தாம் வகுப்பு முடியும்வரை பந்தைப் பிடிக்கத் தெரியாத குழந்தை ஆறாம் வகுப்பில் திடலின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. அதன்பின் அது உள்ளே வருவது அபூர்வம். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. பள்ளி அந்த 60 நிமிடத்தையும் தர முடியாது. ஆனால் அதற்கான ஆசையையும் திறனையும் குழந்தைக்குத் தரக்கூடிய இடம் பள்ளிதான்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதில் பாதி வழிதான் வருகிறது. பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும், வகுப்புகளுக்கு விளையாட்டுப் பொருள்கள் வேண்டும் என்று அதன் அட்டவணை சொல்கிறது. உடற்கல்விக்கென ஒருவரை அது கேட்பது 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு மட்டும். அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், பகுதிநேரப் பயிற்றுநராக. ஒன்று முதல் ஐந்து வரை 60 பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், அவ்வளவுதான். சென்னையில் ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அங்கும் பிற கல்லூரிகளிலும் படித்து வரும், பி.இ.டி. எனப்படும் உடற்கல்வி ஆசிரியர்கள் உயர்நிலைப் பள்ளிக்கும் மேல்நிலைப் பள்ளிக்கும் போகிறார்கள். பழக்கம் படியும் வயதில் இருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பாசிரியரே உடற்கல்வி ஆசிரியர்.

அந்த ஆசிரியரின் கையில் தமிழுக்கு நூல் இருக்கிறது, கணக்குக்கும் இருக்கிறது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், எந்தப் பாடத்தை எந்தச் செயல்பாட்டோடு நடத்துவது என்று கையேடே கொடுத்தது. உடற்கல்விப் பாடவேளை வந்தால் கொடுப்பதற்கு ஒரு பந்தும், “போய் விளையாடுங்க” என்ற ஒரு வாக்கியமும்தான் உண்டு. பந்து நாலைந்து பெரிய பையன்களிடம் போகும். மற்றவர்கள் மரத்தடியில் உட்காருவார்கள். இல்லையென்றால் அந்தப் பாடவேளையையே கணக்கு எடுத்துக்கொள்ளும். விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலின், பி.இ.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று பொதுமேடையில் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு அது ஊரறிந்த வழக்கம். இதில் ஆசிரியரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. எழுதி வைத்த பாடம் இல்லாத பாடவேளையை எழுதி வைத்த பாடம் உள்ள பாடவேளை விழுங்கிவிடும்.

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து செயல்படத் தொடங்கிய இந்த மாவட்டத்துக்கு ஒரே திட்டம் போதாது. கரும்பும் நெல்லும் விளையும் சமவெளியில், வேனிலோ ஆட்டோவிலோ பள்ளிக்கு வந்து இறங்கும் குழந்தைகள் பெருகிவருகிறார்கள். வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடியினரின் பிள்ளைகள் பலர் ஏறி இறங்கி நடந்தே பள்ளிக்கு வருகிறார்கள். நடந்து வந்த பிள்ளையைத் திடலைச் சுற்றி நாலு சுற்று ஓடச் சொல்வது பாடமே அல்ல. அந்தக் கால்களில் வலு ஏற்கெனவே இருக்கிறது. மலைப் பிள்ளைக்கு எறிதல், பிடித்தல், குறிபார்த்தல், கூட்டாக ஆடுதல் ஆகியவற்றுக்கு நேரம் கூடுதலாக வேண்டும். சமவெளிப் பிள்ளைக்கு ஓட்டமும் தாவலும் கூடுதலாக வேண்டும். மாநிலம் முழுவதற்கும் ஒரே அச்சில் வார்த்த பாடத்தில் இந்த வேறுபாடு தெரியாது.

மலைப் பள்ளியில் முதல் சிக்கல் தரையே. சரிவான முற்றத்தில் தவறவிட்ட பந்து கீழே உருண்டு, வேலிக்குள்ளோ ஓடைக்குள்ளோ போய்ச் சேரும். அதை எடுத்து வருவதிலேயே பாடவேளையில் பாதி கரையும். இதற்குக் கைவசமுள்ள விடை புளியங்கொட்டைப் பை. பழந்துணியைச் சிறு பைபோலத் தைத்து, முக்கால் பாகம் புளியங்கொட்டை நிரப்பி வாயை மூடினால் போதும். விழுந்த இடத்திலேயே கிடக்கும். மேலே பட்டாலும் பெரிதாக வலிக்காது. சிறு கைக்குள் அடங்கும். வகுப்பில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை பைகள் என்பதுதான் முக்கியம். முப்பது பேருக்கு ஒரு பந்து என்றால் ஒரு பிள்ளை அதைத் தொடுவது பாடவேளை முழுவதிலும் ஓரிரு முறை. ஆளுக்கொரு பை என்றால் ஐம்பது முறையாவது எறிந்து பிடிக்கும்.

இரண்டாம் வகுப்புக்கு எறிதல் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நாற்பது நிமிடத்தில் முதல் ஏழு நிமிடம் உடலைச் சூடேற்ற: ஆசிரியர் கைதட்டினால் நடை, இரண்டு முறை தட்டினால் ஓட்டம், விசில் ஊதினால் ஒற்றைக்காலில் நிற்றல். வரிசை வேண்டாம், முற்றம் முழுவதும் பரவி நிற்கலாம். அடுத்த பதினைந்து நிமிடம் அன்றைய திறன். இந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகள் வலக்கையால் எறியும்போது வலக்காலையே முன்னே வைப்பார்கள், அல்லது இரு காலையும் நட்டு நின்று கையை மட்டும் வீசுவார்கள். எறியும் கைக்கு எதிர்க்கால் முன்னே வர வேண்டும், இடுப்பு திரும்ப வேண்டும். இதை விளக்கிச் சொன்னால் ஏழு வயதுக்குப் புரியாது. தரையில் சாம்பலால் ஒரு கோடு கிழித்து, “இடது காலால கோட்டைத் தாண்டிட்டு எறி” என்றால் உடனே புரியும். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு வலது கால். அதை மாற்ற முயலக்கூடாது. சுவரில் மூன்று உயரங்களில் வட்டம் வரைந்து, எட்டிய வட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகவிடலாம். அன்று ஆசிரியர் திருத்த வேண்டியது காலை மட்டும். கை, தோள், பார்வை எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தப் போனால் எதுவும் நிற்காது. பிறகு பன்னிரண்டு நிமிடம் அந்தத் திறன் வருகிற ஒரு விளையாட்டு. கடைசி ஆறு நிமிடம் மெல்ல நடந்து, மூச்சு தணிந்து, தண்ணீர் குடித்து, பைகளை எண்ணி எடுத்து வைக்க.

பிடித்தலுக்கும் படிகள் உண்டு. சிறு பிள்ளை இரு கைகளையும் நீட்டி, வந்த பொருளை மார்போடு அணைத்துப் பிடிக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இரண்டடித் தூரத்தில் தொடங்கி, ஒவ்வொரு வாரமும் ஓரடி தள்ளி நிற்கவைத்தால் அந்தப் பயம் தெளியும். பெரிய, மெத்தென்ற பந்து முதலில். சிறிய, கெட்டியான பந்து நான்காம் வகுப்பில்.

நான்காம், ஐந்தாம் வகுப்புக்குக் கிளித்தட்டைவிடப் பொருத்தமான பாடம் தேடினாலும் கிடைக்காது. கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு துண்டு நிலம் போதும், பந்து வேண்டாம். குறுக்குக் கோடுகளில் காவல் நிற்பவர்களையும் நடுக்கோட்டில் ஓடும் கிளியையும் ஏமாற்றிக் கடப்பதில் நின்று திரும்பும் வேகம், பக்கவாட்டு அசைவு, சக ஆட்டக்காரரின் மனம் அறிதல் எல்லாம் வந்துவிடும். நொண்டி ஒற்றைக்கால் வலுவுக்கு, பாண்டி குறிக்கும் சமநிலைக்கும், பச்சைக் குதிரை தாவலுக்கும் நம்பிக்கைக்கும், ஏழாங்கல் எறிதலுக்கு, ஐந்தாங்கல் மழைநாளில் திண்ணையில் விரலுக்கும் கண்ணுக்கும். பாட்டிகளுக்குத் தெரிந்த இவற்றைப் பாடவேளைக்குள் கொண்டுவரும்போது ஒரு விதியை மட்டும் மாற்ற வேண்டும். அவுட் ஆனவர் வெளியே உட்காருவது என்ற வழக்கத்தால், முதலில் பிடிபடுகிற மெதுவான பிள்ளை, அதாவது ஓட்டம் அதிகம் தேவைப்படுகிற பிள்ளை, பாடவேளை முழுக்க வேடிக்கை பார்க்கிறது. நொண்டியில் தொடப்பட்டவரும் நொண்டியாகிச் சேர்ந்து துரத்தலாம். குலைகுலையா முந்திரிக்காவில் ஒரே வட்டத்துக்குப் பதில் எட்டுப் பேர் கொண்ட மூன்று வட்டங்கள் அமைத்தால் ஒவ்வொருவர் முறையும் சீக்கிரம் வரும். நடக்க இயலாத பிள்ளை ஒன்று இருந்தால், குறிபார்த்து எறியும் ஆட்டத்தில் எல்லோரும் உட்கார்ந்தே எறியலாம்.

ஈராசிரியர் பள்ளியில் ஒன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே முற்றத்தில் ஆடும். ஒரே ஆட்டத்தில் இருவரையும் சேர்த்தால் மோதலும் அழுகையும் நிச்சயம். முற்றத்தை நான்கு மூலையாகப் பிரித்து எறிதல், தாவுதல், சமநிலை, பாண்டி என வைத்து எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை மூலை மாற்றலாம். ஐந்தாம் வகுப்பு அக்காக்களையும் அண்ணன்களையும் மூலைக்கு ஒருவராகப் பொறுப்பாக்கலாம். வேலை தேடிக் குடும்பங்கள் மலையிறங்கிப் பிற மாவட்டங்களுக்கும் மாநிலங்களுக்கும் போகும் காலங்களில் பிள்ளைகளும் கூடப் போய்விடுவதுண்டு. ஆகவே சென்ற வாரப் பாடத்துக்கு வராதவருக்கு இந்த வாரப் பாடம் புரியாது என்ற நிலை கூடாது; ஒவ்வொரு பாடமும் தனித்து நிற்க வேண்டும்.

கால அட்டவணை சின்னச் செய்திபோலத் தோன்றும். திட்டம் உடைவது பெரும்பாலும் அங்கேதான். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் விரிந்தபின் முதல் பாடவேளை வயிறு நிறைந்த நேரம். மதிய உணவுக்குப் பிந்தையதும் அப்படியே. சமவெளியில் மற்ற நேரமெல்லாம் வெயில், ஆகவே கடைசிக்கு முந்தைய பாடவேளை பொருந்தும். மலையில் தூரத்து ஊர்ப் பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும். அங்கே மதிய உணவுக்கு முந்தைய பாடவேளையே சரி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் சரிவுத் தரை வழுக்கும். அந்த வாரங்களுக்குத் திண்ணையிலும் வகுப்பறையிலும் நடத்தும் பாடங்களை ஜூன் மாதமே எழுதி வைக்க வேண்டும். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் நிலைமை வேறு: பிள்ளைகள் அங்கேயே தங்குவதால் மாலை நேரம் முழுவதும் கையில் இருக்கிறது. அதை ஒழுங்காகப் பயன்படுத்தும் திட்டம்தான் தேவை.

மதிப்பீட்டுக்கு ஓட்டப்பந்தய முடிவு பயன்படாது. யார் முதலில் வந்தார் என்பது பெரும்பாலும் யார் வயதில் மூத்தவர் என்பதைத்தான் சொல்லும். எதிர்க்கால் முன்னே வருகிறதா, ஆறடித் தூரத்திலிருந்து வருவதை இரு கையால் பிடிக்கிறதா, ஒற்றைக்காலில் பத்து எண்ணும்வரை நிற்கிறதா என்ற மாதிரி ஐந்தாறு கேள்விக்கு ஆம், இல்லை என்று பருவத்துக்கு ஒருமுறை நோட்டில் குறித்தால் போதும்.

ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் விளையாட்டுப் பொருளுக்கெனத் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் ஒதுக்கீடு உண்டு. அது கிரிக்கெட் மட்டையாகவும் கேரம் போர்டாகவும் மாறி அலமாரியில் பூட்டப்படுவதைவிட, மெத்தென்ற பந்துகளாகவும் கயிறுகளாகவும் வளையங்களாகவும் மாறுவது நல்லது.

இந்த மடல் கல்வித் துறைக்குப் போகாமல் ஆட்சியரிடம் வருவதற்குக் காரணம் உண்டு. ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் பள்ளிக் கல்வித் துறையிடமும், உண்டு உறைவிடப் பள்ளிகள் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறையிடமும், முற்றத்தைச் சமன்செய்யும் வேலை ஊரக வளர்ச்சித் துறையிடமும் இருக்கின்றன. மூன்றையும் ஒரே மேசைக்கு அழைக்கக்கூடியவர் மாவட்டத்தில் ஒருவரே. வரும் கல்வியாண்டு தொடங்குமுன், மலையில் சில ஆண்டுகளாவது பாடம் நடத்திய வகுப்பாசிரியர்களையும் மேல்நிலைப் பள்ளி பி.இ.டி. ஆசிரியர்களையும் கூட்டி, சமவெளிக்கு ஒன்றும் கல்வராயன் மலைக்கு ஒன்றுமாக வாரவாரப் பாடக் கையேடு இரண்டை எழுதச் செய்ய வேண்டும். வட்டார வள மையப் பயிற்சியில் அதைத் தாளில் வாசித்துக் காட்டாமல் முற்றத்தில் ஆடிக் காட்ட வேண்டும். சரிவான முற்றமுள்ள மலைப் பள்ளிகளின் பட்டியலைத் தயாரித்து, ஒவ்வொன்றிலும் கிளித்தட்டு ஆடும் அளவுக்காவது ஒரு துண்டு நிலத்தைச் சமன்செய்து தர வேண்டும் என்று ஆட்சியர் அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறது இம்மடல்.