இட்லி வியாபாரிகள் சங்கத்தின் வரும் ஆண்டுத் திட்டம்



மும்பை மாநகரம் கண் விழிப்பதற்கு முன்னரே தாராவியின் சந்துகளில் அடுப்பு மூண்டுவிடுகிறது. தோல் பதனிடும் தொழிலை நாடி நெல்லைச் சீமையிலிருந்து நம் முன்னோர் பலர் இங்கு வந்து குடியேறினர். பின்னாளில் அத்தொழில் இவ்விடத்தை விட்டுப் பெரும்பாலும் நீங்கிவிடவே, நம்மவர் பலர் வேறு பிழைப்பைத் தேட நேர்ந்தது. அவற்றுள் இம்மாநகரம் முழுவதும் அறிந்த ஒன்று இட்லி வியாபாரம். மிதிவண்டியின் பின்புறத்தில் அலுமினிய அண்டாவைக் கட்டி, சட்னியும் சாம்பாரும் தூக்குகளில் தொங்க, ரப்பர் ஊதுகுழலை அழுத்தியவாறு தெருத் தெருவாகச் செல்லும் நம்மவரைக் கண்டிராத மும்பைவாசி அரியர்.

இவ்வியாபாரிகள் நம் வட்டாரத்தில் சிறு சங்கம் ஒன்று அமைத்து நடத்தி வருகின்றனர். அதன் ஆண்டுப் பொதுக்கூட்டம் சென்ற திங்கள் நடைபெற்றது. நடவடிக்கைகளை எழுதித் தருமாறு அழைத்தமையால் நாமும் ஒரு மூலையில் அமர்ந்திருந்தோம். ரயில்வே அலுவலகத்தில் நாள் முழுதும் படிவங்களோடு பழகும் நமக்கு அஃது ஒன்றும் புதிய வேலையன்று. ஆயினும் அன்று அங்குக் கேட்ட ஒரு கேள்வி, இத்திங்கள் இப்பகுதியில் வேறெதையும் எழுதவொட்டாது செய்துவிட்டது.

முதற்கண் திட்டத்தைக் கூறுவோம். வரும் ஆண்டிற்கெனச் செயலாளர் படித்த திட்டத்தில் ஆறு அம்சங்கள் இருந்தன. உறுப்பினர் பதிவேட்டைப் புதுப்பித்து நிழற்படத்துடன் அடையாள அட்டை வழங்குதல். அரசின் சிறுகடன் பெற விண்ணப்பம் எழுதித் தருதல். பண்டங்கள் பறிமுதலானால் செய்யவேண்டியதைக் கற்பித்தல். புழுங்கலரிசியும் உளுந்தும் மொத்த விலையில் வாங்கிப் பகிர்ந்துகொள்ளுதல். உணவு விற்போர் செய்துகொள்ள வேண்டிய பதிவுக்கும் தூய்மைப் பயிற்சிக்கும் ஏற்பாடு செய்தல். நோயுற்றோர்க்கும் மறைந்தோர் குடும்பத்திற்கும் உதவும் நிதி ஒன்றைத் தொடங்குதல். ஆறும் நல்லனவே. அவற்றுள் சிலவற்றை வாசகர் சற்று விரிவாக அறிதல் நலம்.

கடனைப் பாருங்கள். தெருவில் விற்போர் பெரும்பாலும் நம்பியிருப்பது தினத் தண்டலை. கையில் 9,000 ரூபாய் தந்து, நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாட்களில் 10,000 ரூபாயாகத் திரும்பப் பெறுவது அதன் ஒரு வகை. முதலிலேயே கழிக்கப்படுவதால் வட்டியின் சுமை கண்ணுக்குத் தெரிவதில்லை. இதற்கு மாற்றாக 2020 ஜூன் திங்களில் மத்திய அரசு பி.எம். ஸ்வநிதி என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஈடு எதுவும் வேண்டாத கடன் இது. 2025 ஆகஸ்டில் திருத்தியமைத்தபடி முதல் முறை 15,000 ரூபாய் வரையிலும், அதைச் செலுத்தியபின் 25,000 வரையிலும், மூன்றாம் முறை 50,000 வரையிலும் பெறலாம். தவணை தவறாதவர்க்கு ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு.

பறிமுதலைப் பற்றிய சட்டத்தையும் நம்மவர் பலர் அறியார். தெருவோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்கும் சட்டம் 2014-இல் நிறைவேறியது. அதன்படி பண்டங்களைக் கைப்பற்றும் அதிகாரி அவற்றின் பட்டியலை வியாபாரியிடம் தரவேண்டும். உரிய தொகையைச் செலுத்தி உரிமை கோரினால், கெட்டுப்போகும் பொருளை அன்றே திருப்பித் தருதல் வேண்டும். ஏனையவற்றை இரண்டு வேலை நாட்களுக்குள் தருதல் வேண்டும். பட்டியலைக் கேட்டு வாங்கத் தெரியாத காரணத்தால் அண்டாவையும் மிதிவண்டியையும் இழந்து நிற்போர் உளர். ஆகவே திட்டத்தின் மூன்றாம் அம்சம் பேச்சளவில் நில்லாது, துண்டுத்தாளாக அச்சாகி ஒவ்வொரு வண்டியிலும் இருக்கவேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

நிதியைப் பற்றிச் சிலர் ஐயம் எழுப்பினர். 100 பேர் திங்கள்தோறும் 50 ரூபாய் செலுத்தினால் ஆண்டு முடிவில் 60,000 ரூபாய் சேரும். பெருந்தொகையன்று, ஆயினும் மருத்துவமனை வாயிலில் நிற்கும் குடும்பத்திற்கு முதல் வாரச் செலவுக்குக் கை கொடுக்கும் தொகைதான்.

இவ்வளவும் பேசி முடிந்து, தேநீர் வந்தது. தேநீர்த் தட்டை ஏந்தி வந்த அம்மையார் ஒருவர் நம் அருகில் நின்றார். அவருடைய கணவர் பக்கவாதத்தால் எட்டுத் திங்களாகப் படுக்கையில் இருக்கிறார். அம்மையாரே வண்டியைத் தள்ளிச் சென்று கணவர் நின்ற தெருமுனையில் விற்று வந்தார். இரு திங்களுக்கு முன் வேறொருவர் அம்முனையில் வந்து அமர்ந்து, இவ்விடம் தமக்கே உரியது என்றார். வழக்கு சங்கத்திற்கு வந்தது. பதிவேட்டைப் புரட்டினார்கள். கணவரின் பெயர் சந்தா நிலுவையால் அடிக்கப்பட்டிருந்தது. மனைவியின் பெயர் எந்நாளும் எழுதப்பட்டதே இல்லை. அதை வைத்தே சங்கம் கைவிரித்துவிட்டது.

அம்மையார் நம்மை நோக்கி, "தம்பி, பதினெட்டு வருசமா மாவாட்டுத கை இது. புஸ்தகத்துல எம் பேரு இல்லன்னு சொல்லுதாவ. அப்ப நான் யாருன்னு எழுதப் போறிய?" என்றார்.

நாம் எழுதி வைத்திருந்த ஆறு அம்சங்களிலும் அக்கேள்விக்கு விடை இல்லை.

சற்று எண்ணிப் பாருங்கள். மாலையில் அரிசியும் உளுந்தும் ஆட்டுபவர் யார்? பின்னிரவில் எழுந்து, ஈரத் துணி விரித்து, ஈடு ஈடாக வார்த்து இறக்குபவர் யார்? தேங்காய் துருவி, சாம்பார் கூட்டி, விடியுமுன் அண்டாவை நிரப்பி வைப்பவர் யார்? ஆடவர் வண்டியை எடுத்துச் செல்லும்போது வேலையில் பாதி முடிந்துவிடுகிறது. அந்தப் பாதியைச் செய்தவர் சங்கத்தின் கணக்கில் இல்லை.

சட்டமோ இவ்வளவு குருடாக இல்லை. நாம் சட்டம் பயின்றோமல்லோம். பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்தியவர். ஆயினும் படிக்கத் தெரிந்த எவரும் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்தறியலாம். விற்பனைச் சான்றிதழ் பெற்றவர் இறந்தாலோ, நிலையான ஊனமுற்றாலோ, நோயுற்றாலோ, அச்சான்றிதழின் காலம் முடியும்வரை அவரிடத்தில் விற்கும் உரிமை முதலில் வாழ்க்கைத் துணைக்கும், அடுத்துச் சார்ந்து வாழும் பிள்ளைக்கும் உண்டு என்று அது கூறுகிறது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது இடங்களுக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருத்தல் வேண்டும். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருத்தல் வேண்டும் என்றும் கூறுகிறது. சட்டம் பெண்ணுக்குத் தரும் இடத்தை நம் சங்கம் தராதிருப்பது அழகன்று.

சான்றிதழே கைக்கு வராத நம் வியாபாரிகளுக்கு இதனால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். பயன் உண்டு. சான்றிதழ் இல்லாதவரும் நகராட்சியின் பரிந்துரைக் கடிதத்தைப் பெற்று ஸ்வநிதிக் கடன் கோரலாம். அக்கடிதத்திற்கு ஆதாரமாகக் காட்டத்தக்கவற்றுள் வியாபாரிகள் சங்கத்தின் உறுப்பினர் விவரமும் ஒன்று. சங்க அட்டை உரிமமாகாது என்பது மெய்யே. ஆனால் 'இவர் இத்தொழில் செய்பவர்' என்று சொல்லும் காகிதம் வேறொன்றும் இல்லாத வீட்டில், அந்த ஒரு வரிக்கு எத்துணை மதிப்பு!

வீட்டில் சமைக்க மட்டும் செய்து, தெருவில் விற்காத பெண்ணைச் சட்டம் வியாபாரியாகக் கொள்வதில்லை. அவர்களுக்கும் வழியின்றிப் போகவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவில், 16 முதல் 59 வயது வரையுள்ள அமைப்புசாராத் தொழிலாளர், வீட்டிலிருந்து தொழில் செய்வோர் உட்பட, தம் பெயரிலேயே பதிந்து எண் பெறலாம். திட்டத்தின் முதல் அம்சத்தோடு இதனையும் சேர்த்தல் அரிதன்று.

பெண்களைத் தொழிலாளராக எண்ணுவதில் உள்ள தயக்கம் நம் சங்கத்திற்கு மட்டும் உரியதன்று. அகமதாபாத்தில் எலா பட் அம்மையார் 1972-இல் சேவா என்னும் பெண்கள் சங்கத்தைப் பதிவு செய்ய முயன்றபோது, முதலாளி இல்லாதவர்க்குத் தொழிற்சங்கம் எதற்கு என்று அதிகாரிகள் முதலில் மறுத்தனர். அவர் விடவில்லை, அவ்வாண்டே பதிவு கிடைத்தது. 1974-இல் 4,000 பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் பங்குத் தொகை போட்டுத் தமக்கென ஒரு கூட்டுறவு வங்கியையே தொடங்கினர். நம் சென்னையில் ஜெயா அருணாசலம் அம்மையார் 1978-இல் தொடங்கிய ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரமும் இத்தகைய சிறு வியாபாரப் பெண்களைத் திரட்டியதே. சிறு வியாபாரப் பெண்கள் தம் பெயரில் சங்கம் காண இயலும் என்பதற்கு இவை போதிய சான்று.

கூட்டத்தில் எழுந்த மறுப்புகளையும் மறைக்காது கூறுவோம். "ஒரு வீட்டுக்கு இரண்டு சந்தா கட்டுவது எப்படி?" என்றார் ஒருவர். நியாயமான கேள்வியே. இரண்டாம் உறுப்பினருக்குக் கால் பங்கு சந்தா போதும் என்று விதி செய்யலாம். வாக்கு மட்டும் முழு வாக்காக இருக்கட்டும். "கூட்டம் வைத்தால் பெண்கள் வருவதில்லையே" என்றார் மற்றொருவர். கூட்டம் இரவு எட்டு மணிக்கு நடக்கிறது. அது மாவாட்டும் வேளை. பகல் விற்பனை முடிந்து அண்டா கழுவிக் கவிழ்த்தபின், இரண்டு மணிக்கு வைத்துப் பார்க்கட்டும். வருகிறார்களா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

ஆகவே சங்கத்தார்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இது. புதிய பதிவேட்டில் கணவர்க்கு ஒரு வரியும் மனைவிக்கு ஒரு வரியும் தனித்தனி எண்ணோடு அமையட்டும். நிர்வாகக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்படட்டும். உதவி நிதியின் பணம் வீட்டுப் பெண்ணின் வங்கிக் கணக்கிற்கே செல்லட்டும். ஏனைய ஐந்து அம்சங்களும் இந்த முதல் அம்சத்தின் மீதே நிற்கின்றன. பெயர் இல்லாதவர்க்குக் கடனும் இல்லை, நிதியும் இல்லை, நின்று விற்க ஓர் இடமும் இல்லை.

வாசக அன்பர்களுக்கும் ஒரு சொல். இவ்வியாபாரிகள் பல மனுக்களை மராத்தியிலோ ஆங்கிலத்திலோ எழுத வேண்டியுள்ளது. நம் சங்கத்தில் வங்கியிலும் அலுவலகங்களிலும் பணிபுரிவோர் பலர் உளர். கல்லூரியில் பயிலும் பிள்ளைகளும் உளர். திங்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலை ஒதுக்கினால் ஓராண்டில் இவ்வட்டாரத்து வியாபாரிகளின் விண்ணப்பங்கள் அனைத்தையும் எழுதி முடித்துவிடலாம். நாம் வருகிறோம். நம்முடன் வர விரும்புவோர் நம் சங்க அலுவலகத்தில் பெயர் தருக.

அந்த அம்மையாரைப் பற்றிக் கூறி முடிப்போம். அன்றிரவே செயலாளர் அவருடைய பெயரைத் தனி வரியில் எழுதச் சொன்னார், நாமே எழுதினோம். முதல் முறை சந்தா செலுத்தி ரசீதையும் அவர் பெற்றுக்கொண்டார். தெருமுனை இன்னும் அவர் கைக்குத் திரும்பவில்லை. இரு தரப்பையும் அழைத்துப் பேச வரும் திங்கள் ஒரு நாள் குறித்திருக்கிறார்கள். இம்முறை அவர் உறுப்பினராக அங்கு வந்து அமர்வார். முடிவை அடுத்த இதழில் எழுதுவோம்.