வாரம் ஒரு பக்கம்: மசினகுடியில் எழுதத் தொடங்குவோரின் பிரகடனம்

கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்து இரண்டு இரவு தங்கிப் போகிறவர்கள் எங்கள் ஊரைப் பற்றி எழுதுகிறார்கள். நாற்பது வருடமாக இங்கே மாடு மேய்ப்பவர் ஒரு வரி எழுதியதில்லை. ஜீப் ஓட்டுகிறவர், விடுதிச் சமையற்கட்டில் வேகிறவர், வேட்டைத் தடுப்புக் காவலர், பள்ளி ஆசிரியர், பால் ஊற்றுகிறவர் என நாங்கள் இன்று முதல் எழுதுகிறோம். வாரம் ஒரு பக்கம், தவறாமல்.

'தவறாமல்' என்பதில்தான் எங்கள் உறுதி முழுவதும் இருக்கிறது. யானை வழிமறித்த அன்று யாரும் எழுதிவிடுவார்கள். ஒன்றுமே நடக்காத வாரத்தில் எழுத உட்காரும்போதுதான் உண்ணிச்செடி எந்த ஓடைவரை வந்துவிட்டது, மோயாற்றுத் தண்ணீர் எந்தப் பாறையைத் தொட்டது என்று யோசிக்கிறோம். பதில் தெரியாவிட்டால் மறுநாள் போய்ப் பார்க்கிறோம்.

எங்களுக்கு முன்னோடி மா. கிருஷ்ணன். எங்கள் ஊரை ஒட்டிய முதுமலைக் காட்டில் யானைகளைப் பின்தொடர்ந்து படம் எடுத்தவர். சண்டூர் சமஸ்தான வேலை போனபின் எழுத்தையும் புகைப்படத்தையும் நம்பியே வாழ்ந்தார். 1950இல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் தொடங்கிய பத்தியை 1996இல் இறக்கும்வரை, 46 ஆண்டுகள், விடாமல் எழுதினார். காக்கையும் அணிலும்கூட அதில் இடம்பெற்றன. அந்த ஒழுங்குதான் அவருக்குச் சோறு போட்டது. நாடறிந்த இயற்கை அறிஞராகவும் ஆக்கியது. வழக்கறிஞரான இ.ஆர்.சி. தாவிதார் எங்கள் ஊரைச் சூழ்ந்த சீகூர்க் காட்டில் வீடு கட்டி வாழ்ந்து, அந்த வாழ்க்கையைப் புத்தகமாக்கினார். இருவரும் இந்தக் காட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவை அச்சேறியிருக்கின்றன. காட்டுக்குள்ளேயே பிறந்தவர்களின் பக்கம் இன்னும் காலியாகக் கிடக்கிறது.

எழுத்து எங்கள் தொழிலுக்கும் உதவும். புலி அடித்த மாட்டுக்கு நஷ்டஈடு கேட்கப் போகிறவர் 'போன மாசம் ஏதோ ஒருநாள்' என்று தடுமாற மாட்டார். தமிழ்நாட்டில் பாறுக் கழுகுகள் கூடு கட்டும் மிகச் சில இடங்களில் எங்கள் சீகூர்ப் பகுதியும் ஒன்று. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி ஊசி, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006இல் அரசு தடை செய்தது. தடைக்குப் பின்னும், செத்த மாட்டுக்குக் கடைசியாக என்ன ஊசி போட்டோம் என்று எங்கள் மாட்டுக்காரர்கள் எழுதிவைத்தால், கழுகைக் காக்க நினைப்பவர்கள் எங்களிடம்தான் வந்து கேட்க வேண்டியிருக்கும்.

யானையிடம் ஆளைப் பறிகொடுத்த வீடுகள் இங்கே உண்டு. எழுதினால் அந்தத் துக்கம் தீரும் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. செய்தியில் ஒரு வரியாகப் போனவர் எப்படிச் சிரிப்பார், டீயில் எத்தனை சர்க்கரை கேட்பார் என்பதை அந்த வீட்டார்தான் எழுத முடியும்.

கண்டதையும் கேட்டதையும் தனித்தனியே குறிப்போம். கழுகுக் கூடும் கொம்பன் யானையும் இருக்கும் இடத்தை ஒருபோதும் எழுத மாட்டோம்; திருடனும் படிப்பான். இருளர், குறும்பர், படகர் ஒரு செடிக்கு வைத்த பெயரை அப்படியே எழுதுவோம். எழுதத் தெரியாதவர் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும். பக்கத்தின் கீழே, சொன்னவர் பெயரே இருக்கும்.

முதல் பக்கம் வரும் ஞாயிறு இரவு. மேலே தேதி. அடுத்த வரியில், மழை பெய்ததா இல்லையா. அதற்குக் கீழே, அந்த வாரம் கண்ணால் கண்டது.